பிறையைக் கொத்தி எடுத்த கதவு

இஸ்தான்புல்லில் ஒரு பள்ளிவாசலின் வாசலில் நின்று நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. முற்றத்துக் குழாயில் கால் கழுவினேன், சப்பாத்தைக் கையில் எடுத்தேன், படியில் கால் வைத்தேன். அதற்குப் பிறகு கை தன் பாட்டில் வேலை செய்தது. யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளை கோயிலுக்குள் போவதென்றால் வெறும் மேலோடுதான் போவான். லண்டனில் ஒரு வாடகை மண்டபத்தில் முருகனை வைத்துக் கும்பிட்ட காலத்திலும், ஹீட்டர் வேலை செய்யாத மாசி மாதத்திலும், பல் கிடுகிடுக்க அப்படித்தான் நின்றோம். கடவுள் இருக்கிற இடம் என்று கண்டால் என் கைக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான்.

மூன்றாவது பொத்தானில் கை இருக்கும்போது உள்ளேயிருந்து ஒரு கிழவர் "நைன், நைன்!" என்று ஜெர்மன் மொழியில் கத்திக்கொண்டு ஓடி வந்தார். அந்தப் பள்ளிவாசலைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். தலையில் பின்னல் தொப்பி, கையில் முற்றம் கூட்டுகிற தும்புத்தடி. தடியைச் சுவரோடு சாத்திவிட்டு என் சட்டையை இரண்டு கையாலும் இழுத்து மூடி, ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டினார். கழுத்துப் பொத்தானைக்கூட விடவில்லை. பின்னால் நின்ற ஜப்பானியப் பெண்கள் இருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். முப்பத்தாறு வயதில், வாழ்க்கையில் முதன்முறையாகச் சுற்றுலா என்று ஒரு நாட்டுக்குப் போயிருக்கிறேன். போன அன்றே மானம் கப்பலேறிவிட்டது.

வேறு நாளென்றால் நானும் சிரித்துவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போயிருப்பேன். ஆனால் அவர் பூட்டிவிட்ட சட்டையின் பையில் ஒரு சிறிய தாள் இருந்தது. அதில் இறந்துபோன ஒரு தாயின் பெயர் அறபு எழுத்தில் இருந்தது. அவளுக்காக அந்தப் பள்ளியில் ஒருமுறை பிரார்த்திக்க வேண்டும் என்று அவளுடைய மகன் என்னிடம் தந்துவிட்ட தாள். அதைக் கையில் வாங்குகிற தகுதி எனக்கு இருக்கவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

தாளைத் தந்தவன் என்னோடு வேலை செய்தவன். ஹீத்ரோவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற ஒரு சமையற்கூடத்தில் இருவருக்கும் வேலை. பெல்ட் ஓடும், தட்டங்கள் வரும், நான் பாணும் பட்டரும் வைப்பேன், எனக்கு அடுத்து நின்று அவன் மூடியைப் போட்டு அழுத்துவான். அவனும் யாழ்ப்பாணம்தான், பட்டினத்து முஸ்லிம் பகுதி. என்னைவிட ஆறு வயது இளையவன். எண்பத்தெட்டில் வந்தவன், அப்டன் பார்க்கில் மூன்று பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு லண்டனின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தினமும் ரயிலில் வந்து போனான். தன் ஆட்களில் மூத்தவர்களை 'நானா' என்பான். என்னை 'அண்ணை' என்றுதான் கூப்பிட்டான்.

எங்கள் கன்டீனில் ஹலால் கிடையாது. எனக்கு வெள்ளிக்கிழமைகளில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் இல்லை. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் இருவரும் ஒரே மேசையில் இருந்து ஒரே சீஸ் சான்ட்விச்சை முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். "அண்ணை, உங்களுக்குக் கிழமையிலை ஒரு நாள். எனக்கு ஏழு நாளும் விரதம். ஆர் கூடச் சைவம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்பான். பகிடிக்காரன். அந்தக் குளிர் அறையில் எனக்கு வாய்த்த ஒரே நல்ல துணை அவன்தான்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசிக் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொல்லி இயக்கம் உத்தரவு போட்டது. இயக்கம் என்றால் வேறு யாரோ அல்ல. எங்கள் பெடியள், எங்கள் பெயரில் சண்டை பிடித்தவர்கள். உடுத்த உடுப்போடு ஒரு சனமே நடந்து போனது. செய்தி லண்டனுக்கு வந்து சேர்ந்தபோது சமையற்கூடத்தில் எங்கள் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஒருவராவது அவனிடம் போய், உன் வீட்டு ஆட்கள் எங்கே என்று கேட்கவில்லை. உடுப்பு மாற்றும் அறையில் ஒருவர், "பாதுகாப்புக்குத்தானே, வேறை வழியில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவன் பார்த்தானோ இல்லையோ எனக்குத் தெரியாது. அன்று முழுவதும் அவனோடு குளிரைப் பற்றித்தான் பேசினேன்.

ஊரோடினால் ஒத்தோடு, ஒருவனோடினால் கேட்டோடு என்று சொல்வார்கள். ஓடியது ஒரு ஊர். நான் ஒத்தோடவும் இல்லை, கேட்கவும் இல்லை. பாணும் பட்டரும் வைத்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு கிழமை கழித்து அவனாகத்தான் சொன்னான். "உம்மாவும் வாப்பாவும் புத்தளத்திலை, ஓலைக் கொட்டிலுக்கை இருக்கினம். கதவைப் பூட்டக்கூட விடேல்லையாம், அண்ணை. திறப்பைக் கதவிலையே விட்டிட்டு நடக்கச் சொன்னவங்களாம்." கண்ணைத் தட்டத்தில் வைத்துக்கொண்டே சொன்னான். மூடிகள் ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தன. "கொஞ்ச நாளிலை திருப்பிக் கூப்பிடுவினம்" என்றேன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். "ஓம் அண்ணை" என்றான்.

அதோடு முடிந்திருந்தால் என்னை நானே ஒரு கோழை என்று சொல்லிவிட்டு ஆறியிருப்பேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஊரிலிருந்து அம்மாவின் கடிதம் ஒன்று, கொழும்பு வரை வந்த யாரோ ஒருவரின் கையால் தபாலில் சேர்ந்து, என்னிடம் வந்தது. என் தங்கைக்குக் கட்டிய வீடு முடிந்துவிட்டதாம். நான் அனுப்பிய காசில் கட்டிய வீடு. உள்ளே ஒரு படம். தங்கையும் மச்சானும் வாசலில் நிற்கிறார்கள். பின்னால் பெரிய இரட்டைக் கதவு, நல்ல தேக்கு, கரையெல்லாம் கொடி வேலைப்பாடு. "கதவு வாய்ப்பாக வந்தது, ஆரிட்டை எண்டு கேளாதை" என்று அம்மா எழுதியிருந்தா.

கேட்கவே தேவையில்லை. கதவின் தலைப்பில் ஏதோ செதுக்கியிருந்ததை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, அந்த இடத்தை மறைக்கப் பிள்ளையார் படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். படம் சிறியது. கொத்திய இடம் பெரியது. பிள்ளையாருக்கு இடமும் வலமுமாகப் பிறையின் இரண்டு முனையும் வெளிறித் தெரிந்தன. ஊரில் துரத்தப்பட்டவர்களின் வீட்டுக் கதவு, நிலை, யன்னல் எல்லாம் கழற்றி விலைப்பட்டது பிறகு எல்லோருக்கும் தெரிந்த கதை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்லி வாங்கியவர்களில் என் வீட்டாரும் அடக்கம். அம்மாவுக்குத் திருப்பி என்ன எழுதினேன் தெரியுமா? "வீடு வடிவாயிருக்கு" என்று எழுதினேன்.

அந்தப் படத்தை ஹவுன்ஸ்லோ அறையில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் வைத்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்து எட்டு வருடம், வைக்காமல் இருக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் வருவதாகச் சொன்னால் முதலில் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் போடுவேன். பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். அது அவன் வீட்டுக் கதவோ அடுத்த வீட்டுக் கதவோ எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி அவனிடம் காட்டுவது. மூன்று வருடம் காட்டாமலே வைத்திருந்தேன்.

தொண்ணூற்றைந்தில் எனக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கையில் வந்தது. வந்ததும் ஒரு மலிவு டிக்கெட் கிடைத்தது, இஸ்தான்புல்லுக்கு நான்கு நாள். அவனுடைய அகதி கேஸ் இன்னும் ஹோம் ஆபிஸில் கிடந்தது. அவனால் எங்கும் போக முடியாது. அந்த வருடப் பிறப்போடுதான் அவன் உம்மா புத்தளத்தில் அதே கொட்டிலில் இறந்திருந்தா. போக வழியில்லாமல் இங்கேயே இருந்து அழுதவன். நான் போகப்போவதைக் கேட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். லாச்சிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துகொண்டு அந்தத் தாளை நீட்டினான்.

"அண்ணை, அங்கை சுல்தான்மார் கட்டின பெரிய பள்ளியள் இருக்காம். ஒண்டிலை போய் ஆரும் ஒரு பெரியவரிட்டை இதைக் குடுத்து உம்மாவுக்காக ஒருக்கா ஓதச் சொல்லுங்கோ. பக்கத்திலை நிண்டு நீங்களும் கேளுங்கோ."

"எனக்கு உங்கட முறை ஒண்டும் தெரியாதே."

"முருகனிட்டை எப்பிடிக் கேப்பீங்களோ அப்பிடிக் கேளுங்கோ. உம்மா குறை நினைக்க மாட்டா."

இப்படித்தான் அந்தத் தாள் என் சட்டைப்பைக்கு வந்தது.

கிழவர் பொத்தான்களைப் பூட்டி முடித்ததும் நான் தாளை எடுத்து நீட்டினேன். எண்பத்து நான்கில் லண்டனுக்கு வருமுன் ஏழு மாதம் ஜெர்மனியில் ஒரு அகதி முகாமில் கிடந்தவன் நான். அவர் இளமையில் அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தவராம். இரண்டு பேருடைய அரைகுறை ஜெர்மனையும் சேர்த்தால் ஒரு முழு வசனம் வரும். அறபு எழுத்தை வாசித்தார். முகம் மாறியது. "உன் தாயா?" என்று கேட்டார்.

என் நண்பனின் தாய் என்று சொல்ல எனக்கு ஜெர்மன் தெரியும். அதன் பிறகு நண்பன் ஏன் வரவில்லை, தாய் எங்கே இறந்தா, ஏன் அங்கே போனா, யார் அனுப்பியது என்று ஒவ்வொன்றாக வரும். அந்தக் கேள்விகளுக்கும் எனக்குச் சொற்கள் தெரியும். அதனால்தான் பயந்தேன். "ஆம்" என்று தலையை ஆட்டினேன். உடுப்பு மாற்றும் அறையில் ஆட்டிய அதே தலை.

கனத்த தோல் திரையை விலக்கி என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். நானூறு வருடத்துக்கு முன்பு உதுமானிய சுல்தான் ஒருவர் கட்டியது. உள்ளே தூணே இல்லாதது போல வெளி. சுவர் முழுவதும் நீல ஓடுகள், தலைக்கு எட்டுகிற உயரத்துக்கு விளக்குகள் தொங்கின, சிவப்புக் கம்பளத்தில் ஊர்ப்பட்டவர்களின் காலுறை மணம். கற்பூரமும் இல்லை, மணியும் இல்லை, ஆனால் கோயில்தான் என்று உடம்பு சொன்னது. அவர் என்னைப் பக்கத்தில் இருத்தி, இரண்டு கையையும் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். நன்றாக ஓதினார். அவசரப்படவில்லை. இடையில் தாளைப் பார்த்து அந்தப் பெயரைச் சொன்னார். ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர், தும்புத்தடியைப் போட்டுவிட்டு வந்து, புத்தளத்துக் கொட்டிலில் செத்த ஒருத்தியைப் பெயர் சொல்லிக் கடவுளிடம் ஒப்புக்கொடுத்தார். நானும் கையை ஏந்தினேன். ஏதாவது கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரம் ஒன்று வந்தது. அதுவும் இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. என் தாய் ஊரில் தங்கை வீட்டில் உயிரோடு இருந்தா, அந்தக் கதவைத் திறந்து பூட்டிக்கொண்டு. அவவின் மகனாக இருந்துகொண்டு இன்னொருத்தியின் மகனாகவும் அங்கே இருந்தேன். கண்ணீர் வந்தது.

அவர் நான் துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்தார். முதுகைத் தடவினார். என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ, எழுப்பிக்கொண்டு போய்ப் பெரிய வாசற் கதவைக் காட்டினார். சின்னச் சின்ன மரத்துண்டுகள், நட்சத்திரமும் அறுகோணமுமாக ஒன்றுக்குள் ஒன்று கொளுவி நின்றன, நடுவில் சிப்பி பதித்திருந்தது. "ஒரு ஆணியும் இல்லை" என்றார் பெருமையாக. என் கையைப் பிடித்து அதன் மேல் வைத்துத் தடவச் செய்தார். நெருப்புப் பிடித்ததாம், பூமி அதிர்ந்ததாம், சண்டைகள் வந்ததாம். "எல்லாம் வந்தது. கதவை யாரும் எடுக்கவில்லை" என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைவிடச் சரியாக என்னை அடித்திருக்க முடியாது. கையை எடுத்துக்கொண்டேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கழுத்துப் பொத்தான் இறுக்கிக்கொண்டிருக்க, முற்றத்துப் படியில் வெகு நேரம் இருந்தேன். மிச்ச மூன்று நாளும் எங்கே போனேன், எதைப் பார்த்தேன் என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் சொல்லத் தெரியாது. லாச்சியைத் திறந்து படத்தை எடுத்து அவன் கையில் கொடுப்பதை மட்டும் திரும்பத் திரும்ப மனத்துக்குள் ஒத்திகை பார்த்தேன்.

லண்டனுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை கன்டீனில் எல்லாவற்றையும் சொன்னேன், எதைச் சொல்ல வேண்டுமோ அதைத் தவிர. சட்டை கழற்றிய கதையைக் கேட்டு அவன் மேசையில் தலையைப் போட்டுச் சிரித்தான். "பள்ளிவாசலுக்கை சட்டைத் தெறி கழட்டின முதல் சைவக்காரன் நீங்கள்தான், அண்ணை. உம்மா கேட்டிருந்தா சிரிச்சே செத்திருப்பா." சிரிப்பு முடியுமுன் அழுகை வந்துவிட்டது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "உங்களைப் போலை ஒரு மனிசன் இல்லை" என்றான். அப்படிச் சொன்னவனிடம் எப்படிச் சொல்வது? அன்றைக்கும் சொல்லவில்லை. படம் லாச்சிக்குள்ளேயே கிடந்தது, இப்போது எல்லா நாளும்.

அந்த வருடம் ஐப்பசி வந்தது. ஆமி யாழ்ப்பாணத்தைப் பிடிக்க வந்துகொண்டிருந்தது. சனம் எல்லாம் உடனே வெளியேற வேண்டும் என்று அதே இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்தது. இந்த முறை நாங்கள். கொட்டும் மழையில் லட்சக்கணக்கான சனம் ஒரே தெருவில் நடந்தது. பழையபடி சமையற்கூடம், பழையபடி எங்கள் ஆட்கள், ஆனால் இப்போது ஒவ்வொருவரும் மற்றவனைப் பிடித்துக் கேட்டார்கள், உங்கட ஆக்கள் எங்கை, உங்கட ஆக்கள் எங்கை என்று. நான் ஒருவரிடமும் பேசாமல் போய் என் இடத்தில் நின்றேன். பெல்ட் ஓடத் தொடங்குமுன் அவன் வந்தான்.

"அண்ணை, அம்மா எங்கை? தங்கச்சியாக்கள் வெளிக்கிட்டாச்சோ?"

"தெரியாது."

"மழை வேறை. சின்னப் பிள்ளையளும் இருக்கெல்லோ."

ஐந்து வருடத்துக்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அவன் குரலில் பழிவாங்கல் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். சின்னதாக ஒன்று இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும். இல்லை.

அடுத்த நாள் படத்தைக் கொண்டுபோனேன். கன்டீன் மேசையில் அவன் முன்னால் வைத்தேன். "தங்கச்சியின்ரை வீடு. என்ரை காசிலை கட்டினது. கதவைப் பார். மூண்டு வருஷமா உன்னட்டை ஒளிச்சு வைச்சிருந்தனான்" என்றேன். அதற்கு மேல் சொல்ல நினைத்து வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை.

படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தான். பிள்ளையாரைப் பார்த்தான், இரண்டு பக்கமும் தெரிந்த முனைகளைப் பார்த்தான். நேரம் எடுத்தான். "எங்கடை இல்லை, அண்ணை" என்றான். "எங்கடை பச்சைப் பெயின்ற், ஒற்றைக் கதவு."

எனக்குள் பெரிய ஆறுதல் ஒன்று வந்தது. அந்த ஆறுதலை நினைத்துத்தான் இன்றைக்கும் அதிகம் வெட்கப்படுகிறேன். அவனுடையது இல்லையென்றால் இன்னொருவருடையது. அந்த இன்னொருவரை எனக்குத் தெரியாது என்பதற்காக என் நெஞ்சு இலேசாகிவிட்டது. அது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். "ஆரின்ரையோ" என்று மட்டும் மெல்லச் சொன்னான். "ஆரோ பாத்துப் பாத்துச் செய்விச்சிருக்கினம்."

திட்டுவான் என்று இருந்தேன். எழுந்து போவான் என்று இருந்தேன். அவன் படத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தான். என் தங்கையின் முகத்தில் ஒரு விரலை வைத்து, உண்மையாகவே அறிய வேண்டும் என்பது போல, என்னைப் பார்த்துக் கேட்டான்.

"இவையைக் கதவைப் பூட்டிப்போட்டு வெளிக்கிட விட்டவங்களே, அண்ணை?"